மலைக்குரிய தமிழ் மறவனும் தாம்பரத்துத் தோட்டங்களும்

2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ‘தமிழ் மறவன்’ என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலத்திற்குரிய பூச்சியாக அறிவித்தனர். மரத்திற் பனை, பூவிற் காந்தள், பறவையில் மரகதப்புறா, விலங்கில் வரையாடு என்று முன்னரே வகுக்கப்பட்டிருந்த சின்னங்களோடு இதுவும் ஒன்றாயிற்று. இங்ஙனம் தனக்கென ஒரு வண்ணத்துப்பூச்சியைத் தெரிந்தெடுத்துக்கொண்ட இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடு ஐந்தாவதாகும். இவ்வழக்கத்தை 2015-ல் முதன் முதல் தொடங்கியது மகாராஷ்டிர மாநிலம்.

மேற்கூறிய சின்னங்களுட் பனை, சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், வண்டலூர் முதலிய ஊர்களின் ஏரிக்கரைகளில் இன்றும் நிற்கின்றது. காந்தட்கொடியும் மழைக்காலத்திற் புதர்களினிடையே தலை காட்டும். ஆனால் தமிழ் மறவனை இவ்வூர்களிற் காண்டல் அரிது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமுள்ள காடுகளுக்கு உரிய பூச்சி. தன் மாநிலத்தின் சின்னத்தைத் தன் தோட்டத்திலே காண வேண்டுமென்னும் ஆசை எவருக்கும் இயல்பாக எழக்கூடியதே. அதற்குரிய மரத்தை நட்டுவிட்டால் அப்பூச்சி தாம்பரத்திற்கு வந்து தங்குமா? தங்காதெனின், இப்பகுதியிலுள்ள குடியானவரும் தோட்டக்காரரும் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடையாளம்

தமிழ் மறவனின் விஞ்ஞானப் பெயர் சிர்ரோக்குரோவா தாயிஸ் என்பது. டென்மார்க்கு தேசத்துப் பூச்சி நூல் அறிஞரும், லின்னேயஸின் மாணாக்கருமாகிய பேப்ரிசியஸ் என்பவர் 1787-ஆம் ஆண்டில் இதனை முதன் முதல் விவரித்துப் பெயரிட்டனர். சிறகுகளை விரித்து வைத்து அளந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 2½ முதல் 3 அங்குலம் இருக்கும். சிறகின் மேற்புறம் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறமுடையது. ஓரங்களிற் கருநிறக் கரை ஓடும். அடிப்புறம் வெளுத்திருக்கும், அதன் குறுக்கே வெண்மையான பட்டை ஒன்று காணப்படும். காட்டுப் பாதைகளிலும் ஓடைக்கரைகளிலும் இவை ஒருங்கு கூடிப் பறப்பதுண்டு. ஆண் பூச்சிகள் ஈரமணலில் அமர்ந்து, நீரோடு உப்புச் சத்துக்களையும் உறிஞ்சும்.

தென்னிந்தியாவின் மலைக்காடுகளே இதன் சொந்த இடம். இலங்கைத் தீவிலும் இதன் கிளையினம் ஒன்று உண்டு. இவ்விரு தேசங்களையும் தவிர உலகில் வேறெங்கும் இப்பூச்சி இல்லை.

ஆகார மரம்

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை முட்டை, புழு, கூண்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என நான்கு பருவங்களை உடையது. சிறகு முளைத்த பின் பூச்சி எந்தப் பூவின் தேனையும் உண்டு உயிர்வாழக்கூடும். புழுப்பருவத்தில் அவ்வாறு அன்று. பெரும்பாலான இனங்களின் புழுக்கள் ஒரு செடியையோ அச்செடியின் உறவுச் செடிகள் சிலவற்றையோ மட்டுமே தின்னும். அவை கிடையாவிடில் பட்டினியால் இறந்துபோகும். ஆதலின் தாய்ப்பூச்சி தன் கால்களால் இலையைத் தொட்டுச் சோதித்து, உரிய செடியென்று தெரிந்த பின்னரே முட்டையிடும். வண்ணத்துப்பூச்சியைப் பற்றி ஆராயப் புகுவோர் முதலில் அறிய வேண்டுவது அதன் ஆகாரச் செடியையே என்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் மறவனின் புழு தின்பது நீரடிமுத்து மரத்தின் இலையை. மலையாளத்தில் இம்மரத்திற்கு ‘மரோட்டி’ என்று பெயர். அங்கே இப்பூச்சியையும் ‘மரோட்டி சலபம்’ என்றே வழங்குகின்றனர். மரத்தின் பெயராலேயே பூச்சியை அழைக்கும் அவ்வழக்கம், இரண்டிற்கும் உள்ள உறவை ஒரே சொல்லில் உணர்த்திவிடுகின்றது.

நீரடிமுத்து என்றும் பசுமையாயிருக்கும் நடுத்தர உயரமுள்ள மரம். மேற்கு மலைச்சரிவுகளில், ஓடைகளும் ஆறுகளும் ஓடும் கரையோரங்களில் மிகுதியாக வளர்வது. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் உருண்டு தடித்த ஓட்டினை உடையது. உள்ளே எண்ணெய்ச் சத்துள்ள விதைகள் பல இருக்கும். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு தின்பதற்கு ஆகாது, எருவாகும்.

இவ்வெண்ணெயின் சரித்திரம் செங்கற்பட்டு ஜில்லாவாருக்குப் புதிதன்று. ஸல்போன் வகை மருந்துகள் 1940-களில் வழக்கத்திற்கு வருவதற்கு முன், தொழுநோய்க்கு மருத்துவர் பெரிதும் நம்பியிருந்தது நீரடிமுத்து எண்ணெயையும் அதன் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்களையுமே. அவற்றை ஊசி மூலமாக நோயாளிகளின் உடலிற் செலுத்துவர். தாம்பரத்திற்குத் தெற்கே சுமார் 20 மைல் தூரத்தில், செங்கற்பட்டையடுத்த திருமணியில் இருந்த வெலிங்டன் சீமாட்டி தொழுநோய் மருத்துவசாலை அக்காலத்திற் புகழ்பெற்று விளங்கியது. 1955-ல் அவ்விடம் மத்திய அரசாங்கத்தாரின் தொழுநோய்ப் போதனா ஆராய்ச்சி நிலையமாயிற்று. புதிய மருந்துகள் வந்தபின் எண்ணெய்க்கு இருந்த மதிப்புக் குறைந்தது. எண்ணெய்க்காக மரத்தைப் போற்றும் காரணமும் அவ்வளவிற் குறைந்தது. இன்று அம்மரத்தை மனிதன் தேடாவிடினும், மறவனுக்கு அதைத் தவிர வேறு கதியில்லை.

பாறை ஒன்று, மழை வேறு

அப்படியாயின் நீரடிமுத்தின் கன்றுகளைக் கொணர்ந்து தாம்பரத்தில் நட்டு, மறவனையும் கொணர்ந்து விட்டாற் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. அதற்குக் காரணம் தட்பவெப்ப நிலை.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தாம்பரத்தையடுத்த பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை ஆகிய குன்றுகளின் கருநீலக் கற்பாறையும், நீலகிரி மலையின் பாறையும் ஒரே வகையைச் சேர்ந்தவை. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் மண்ணூல் அறிஞர், அதே வகைக் கல்லைப் பரங்கிமலைப் பகுதியிற் கண்டு, 1893-ல் அதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டனர். எனவே பாறையை மட்டும் நோக்கின் பல்லாவரம் குன்றும் நீலகிரியும் ஓரினத்தைச் சார்ந்தனவே. ஆனால் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி உயரமுள்ளது. பரங்கிமலையோ 300 அடிக்கு உட்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளின்மேல் மோதி ஜூன் முதல் செப்டம்பர் வரை அடைமழையைப் பொழிகின்றது. அங்கு ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வற்றுவதில்லை. தாம்பரத்திலோ ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே பெய்து முடிகின்றது. பின்பு ஆறு மாதம் வறட்சி. அக்கினி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைக் கடப்பதும் உண்டு. ஓடைக்கரை மரமும் நிழற்காட்டுப் பூச்சியும் இவ்வறட்சியைத் தாங்கும் இயல்பினவல்ல. நீர் வார்த்து மரத்தை ஒருவர் வளர்த்துவிடினும், அதன் இளந்தளிரை நாடி வரவேண்டிய பூச்சிக்கு வேண்டிய நிழலையும் காற்றின் ஈரத்தையும் எவரால் வார்த்துவிட முடியும்?

செடி மட்டும் இருந்தாற் போதாதென்பதற்குத் தாம்பரத்திலேயே கண்கூடான சான்று ஒன்று உளது. கர்நாடக மாநிலத்தார் தங்கள் சின்னமாகக் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று மேற்கு மலைகளில் வாழ்கின்றது. கருஞ்சிறகும் பொன்மஞ்சள் நிறமும் கொண்டு, தொலைவிலிருந்து நோக்குவார்க்குச் சிறு பறவையோ என்று மயக்கந் தருவது அது. 1932-ல் அளக்கப்பட்ட ஒன்றின் சிறகு விரிவு 190 மில்லிமீட்டர். இமயமலைப் பகுதியில் கிடைத்த வேறோர் இனத்தின் பெண்பூச்சி 194 மில்லிமீட்டர் என்று 2020-ல் வெளியாகும் வரை, இந்தியாவில் இதுவே மிகப் பெரியதென எண்ணப்பட்டது. இப்பெரும்பூச்சியின் புழு தின்பது ஈசுரமூலிக் கொடியையும் அதன் இனத்துச் செடிகளையும். அந்த ஈசுரமூலி செங்கற்பட்டு ஜில்லாவின் புதர்க்காடுகளிலும் வளர்வது. கொடி இங்கே இருந்தும் அப்பெரும்பூச்சி இங்கே குடியிருப்பதில்லை. ஆனால் அதே கொடியை உண்ணும் சிறிய இனத்தான் ஒன்று இங்கே நலமாக வாழ்ந்து வருகின்றது. அதைப்பற்றிப் பின்னர்க் கூறப்படும். செடி, தட்பவெப்பம் ஆகிய இரண்டும் ஒருங்கு கூடிய இடத்தில்தான் ஓரினம் நிலைபெறும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நிலைபெறாது.

மலைக்கே கட்டுண்ட பிற இனங்கள்

தமிழ் மறவனைக் காட்டிலும் குறுகிய எல்லையில் வாழும் வண்ணத்துப்பூச்சிகளும் உள. நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிப் புல்வெளிகளில் மட்டுமே வாழும் மஞ்சள் நிறப் பூச்சி ஒன்று நீலகிரியின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. கருமையில் வெண்ணீல வரிகளையுடைய ‘நீலகிரி வேங்கை’ என்பதும் தென் மேற்கு மலைகளைவிட்டு வெளியே காணப்படாதது. கேரள மாநிலத்தார் 2018-ல் தங்கள் சின்னமாகக் கொண்ட ‘புத்தமயூரி’யும் இம்மலைத்தொடருக்கே உரியது.

இவற்றின் நிலை தீவில் வாழ்வாரின் நிலையை ஒத்தது. மலையுச்சியின் குளிர்ந்த புல்வெளி ஒரு தீவு. சுற்றிலுமுள்ள வெப்பமான சமவெளி கடல். தீவின் பரப்புச் சுருங்கினால் குடிபெயர வேறிடம் கிடையாது. சென்ற நூற்றாண்டுகளில் நீலகிரியின் புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும், சீகை மரம், தைல மரம் ஆகிய அந்நிய மரங்களின் தோப்புகளாகவும் மாறியது யாவரும் அறிந்ததே. வெப்பம் மிகும் இக்காலத்தில், தாழ்ந்த இடத்து உயிர்கள் மேலே ஏறிப் பிழைக்கலாம். உச்சியில் இருப்பவைக்கு ஏறுவதற்கு மேல் இடமில்லை.

ஆதலின் மலைப்பகுதிகளிலுள்ள காப்பி, ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் ஓடைக்கரைகளில் இயற்கையாக நிற்கும் நீரடிமுத்து போன்ற நாட்டு மரங்களை வெட்டாது விடுதல் நலம். அம்மரங்கள் கரை அரிப்பைத் தடுத்து, நிழலும் தருவன. தமிழ் மறவனுக்குச் செய்யக்கூடிய மெய்யான உதவி அதுவே. அவ்வுதவியைச் செய்யக்கூடியவர் மலைநாட்டார், தாம்பரத்தார் அல்லர்.

மலையும் சமவெளியும்

இங்ஙனம் கூறுவதால் மலைப்பூச்சிகளுக்கும் சமவெளிக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்று கொள்ளற்க. கருநீலச் சிறகிற் பால்நீலப் புள்ளிகளையுடைய ‘நீல வேங்கை’ இனங்களும், கரும்பழுப்பு நிறமுடைய ‘காக்கை’ இனங்களும் ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்கின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மேற்கு மலைகளிலிருந்து கிழக்கே சமவெளியையும் கிழக்கு மலைகளையும் நோக்கி வருவனவும், வடகிழக்குப் பருவத்தையொட்டி மீண்டும் மேற்கே செல்வனவுமாகப் பறவை, பூச்சி நோக்கும் அன்பர்கள் பல்லாண்டுகளாகக் குறித்து வருகின்றனர். வழியில் இவற்றிற்குப் பூந்தேனும், தங்குவதற்கு நிழலும், முட்டையிடப் பாற்கொடிகளும் தேவை. சமவெளியிற் புதர்கள் அழிந்தால் மலையிலுள்ள கூட்டமும் குறையும்.

பசுந்தாள் உரத்திற்காகச் சணப்புப் பயிரிடும் குடியானவர்கள் இப்பூச்சிகளை அடிக்கடி கண்டிருப்பர். சணப்பு, கிலுகிலுப்பை, தேட்கொடுக்கி ஆகிய செடிகளின் காய்ந்த பாகங்களில் இவற்றின் ஆண்கள் மொய்த்துக்கொண்டு, ஒரு வகைக் கசப்புச் சத்தை உறிஞ்சும். அச்சத்து இணை சேர்வதற்குரிய வாசனைப் பொருளாக அவற்றின் உடலில் மாறுகின்றது. பகைவரின் நாவிற்கும் அது கசக்கும். சணப்பின் காய்களையும் இலைகளையும் தின்று சேதப்படுத்துவது வேறொன்று. வெண்சிறகிற் கருப்பும் சிவப்புமான புள்ளிகளையுடைய ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு அது. நீல வேங்கைகள் கூடுவதைக் கண்டு, இவையே புழுவின் தாய் என்றெண்ணி மருந்து தெளித்தல் வீண்செலவாகும்.

தாம்பரத்திற்குச் சொந்தமானவை

மலைக்குரியது மலையில் இருக்கட்டும். தாம்பரத்திற்குரிய செல்வம் யாதென்பதை இனி நோக்குவோர் வியப்படைவர். சோழ மண்டலக் கரையோரத்து வறண்ட பசுமைப் புதர்க்காடு ஒரு தனி வகையானது. அதன் எச்சங்கள் சென்னையின் தென்புறத்தில் ஆங்காங்கே காணக் கிடைக்கின்றன. சுமார் 320 ஹெக்டேர் பரப்புள்ள நன்மங்கலம் ஒதுக்குக்காடு அவற்றுள் ஒன்று. 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் அதையடுத்த காடும் மற்றொன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் நகரத்தைவிட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது, சேலையூர்க் காட்டில் 365 ஏக்கர் நிலம் அதன் வசமாயிற்று. அங்கு ரஸாயனப் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் என்பவர் தென்னிந்திய மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். மலைத்தாவரங்களில் இத்துணை ஈடுபாடு உடையவராயிருந்தும், அவர் அக்கல்லூரி நிலத்தை மலைத்தோட்டமாக்க முயலாது, இவ்விடத்துப் புதர்க்காட்டைக் காத்து மரங்கள் வளர்த்தமை போற்றத்தக்கது.

இப்புதர்க்காடுகளிலும் இவற்றையொட்டிய தோட்டங்களிலும் காணக்கூடிய வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றையும், அவற்றின் ஆகாரச் செடிகளையும் கீழே காண்க.

ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும்: கருஞ்சிறகும், குங்குமச் சிவப்பான உடலும், பின்சிறகில் சிவந்த புள்ளிகளும் உடைய அழகிய பூச்சி ஒன்று இக்கொடிகளை உண்டு வளர்கின்றது. மேலே கூறிய பெரும்பூச்சியின் சிறிய இனத்தான் இதுவே. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் சிறப்பாக உரியது. கொடியின் நஞ்சு புழுவின் உடலிற் சேர்ந்து பூச்சியிலும் நிற்பதால் பறவைகள் இதனைத் தீண்டா. கறிவேப்பிலையை உண்டு வளரும் வேறோர் இனத்தின் பெண்பூச்சிகளுட் சில, நஞ்சில்லாதிருந்தும் இதன் வேடத்தையே பூண்டு தப்பிப் பிழைக்கின்றன.

எருக்கு: வெந்தய நிறத்தில் வெள்ளையும் கருப்புமான முனையுடைய ‘வெந்தய வரியன்’ இதில் முட்டையிடும்.

ஆதண்டை: வெண்சிறகிற் கரிய நரம்புகள் ஓடும் பூச்சியின் புழு இதனை உண்ணும்.

ஆவாரை, கொன்றை: இளம்பச்சையும் மஞ்சளுமான பூச்சிகள் மழைக்குப்பின் திரளாகத் தோன்றுவது இவற்றின் தளிரை உண்டு வளர்வதாலேயே.

புல்லுருவி: மாமரத்தின் கிளையிற் பற்றி அதன் சத்தை உறிஞ்சும் இவ்வொட்டுண்ணியைத் தின்னும் புழுக்கள் கூட்டமாக வாழும். அவற்றின் பூச்சி, அடிச்சிறகில் மஞ்சளும், ஓரத்திற் சிவந்த புள்ளிகளும் உடையது. மாந்தோப்புக்காரர் இதனை நண்பனாகக் கருதுதல் தகும்.

சிறுபூனைக்காலி: அமெரிக்க நாட்டினின்று வந்து வேலிகளிலும் தரிசுகளிலும் பரவிய இக்கொடியை, செம்மஞ்சள் நிறமுள்ள சிறு பூச்சியொன்றின் முட்புழுக்கள் தின்று அடக்குகின்றன.

இவற்றுட் பெரும்பாலான செடிகள் களைகளென்றோ வேலிச்செடிகளென்றோ கருதி வெட்டியெறியப்படுவன. ஒன்றும் விலை கொடுத்து வாங்கவேண்டியதன்று. ஒன்றும் நீர் வார்த்து வளர்க்கவேண்டியதன்று.

தீங்கு செய்வன

வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தும் தீங்கற்றவை என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றின் தளிரை அழிக்கும் புழு தாம்பரம் பகுதித் தோட்டங்களில் அனைவருக்கும் பழக்கமானது. இளம்பருவத்திற் பறவையின் எச்சம் போலத் தோன்றும். முதிர்ந்தபின் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறமான கொம்பை நீட்டிக் கடும் நாற்றத்தை வீசும். வளர்ந்த மரத்திற்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சிறு கன்றாயின் இலை முழுவதையும் இழக்க நேரிடும். மாதுளங்காயைத் துளைக்கும் புழுவும், அவரை, தட்டைப்பயறு முதலியவற்றின் காய்க்குள் புகும் புழுவும் வண்ணத்துப்பூச்சிகளின் சந்ததியே. நெற்பயிரின் இலையைச் சுருட்டியும் கடித்தும் உண்ணும் இரண்டு மூன்று இனங்களும் உண்டு. ஆயினும் அவற்றால் நேரும் சேதம் பெரும்பாலும் சொற்பமே.

இவற்றிற்குப் பரிகாரம் எளிது. எலுமிச்சங்கன்றுகளில் வாரம் இருமுறை இலைகளைத் திருப்பிப் பார்த்து, முட்டைகளையும் புழுக்களையும் கையாற் பொறுக்குதல் போதும். தோட்டத்தில் விளாமரமோ முதிர்ந்த கறிவேப்பிலை மரமோ இருப்பின் பொறுக்கிய புழுக்களை அவற்றின்மீது விட்டுவிடலாம். மாதுளைப் பிஞ்சுகளைக் காகிதத்தினாலோ துணியினாலோ உறையிட்டு மூடலாம். சேதம் மிகுந்தால் 5 சதவிகித வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். ஆனால் அதனைச் சேதமுற்ற பயிரின்மீது மட்டும் தெளிக்க வேண்டும். வேலியின்மீதும் பூச்செடிகளின்மீதும் படவிடலாகாது. மருந்து நல்லது தீயது பகுத்தறியாது. புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் சிறு குளவிகளும், தேனீக்களும் அதனால் மடியும். அவை மடிந்தபின் வரும் புழுக்கூட்டத்தை அடக்க, மேலும் மருந்து தேடவேண்டி வரும்.

மகரந்தச் சேர்க்கையில் வண்ணத்துப்பூச்சி தேனீயைப்போல் அத்துணைத் திறமையுடையதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் வண்ணத்துப்பூச்சிகள் மிகுந்த வேலியில் தேனீயும் குளவியும் சிறு பறவைகளும் மிகும். அவை யாவும் தோட்டத்தின் கூலி வாங்காத வேலையாட்கள்.

செய்யத்தக்கவை

ஓரினத்தைக் காக்க விரும்பின் அதன் செடியை அதன் இடத்திலேயே காக்க வேண்டுமென்பதைப் பிற நாட்டார் அனுபவத்திற் கண்டுள்ளனர். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் அதையடுத்த பகுதியிலும் மட்டுமே வாழும் பெரும்பூச்சி ஒன்று அருகி வந்தது. தோட்டங்களில் அழகிற்காக வைக்கப்பட்ட அந்நிய ஈசுரமூலிக் கொடியில் அது முட்டையிட்டதும், பொரித்த புழுக்கள் அவ்விலையின் நஞ்சினால் மடிந்ததும் கண்டறியப்பட்டன. 1990-களில் பள்ளி மாணவரும் நிலமுடையோரும் சேர்ந்து அந்நாட்டுக்குரிய கொடியை நட்டுப் பரப்பினர். தமிழ்நாட்டிலும் திருவரங்கத்தையடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் ஆகாரச் செடிகளையும் தேன் தரும் செடிகளையும் வளர்த்தே பூச்சிகளை வரவழைக்கின்றனர்.

தாம்பரம் பகுதியில் ஏரிப்பாசன நிலங்களில் மிகப்பல வீட்டுமனைகளாகிவிட்டன. தாம்பரம் 2021-ல் மாநகராட்சியாயிற்று. எஞ்சியுள்ள சில நிலங்களின் உடையவரும், வீட்டுத்தோட்டம் வைத்திருப்போரும், பள்ளிகளின் தலைவர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. மதிற்சுவர் எழுப்புமுன், இருக்கின்ற உயிர்வேலியை இயன்ற அளவு விட்டுவைக்க வேண்டும். காரை, கிளா, சூரை, ஆதண்டை, ஆவாரை ஆகியவை கலந்த வேலி ஆட்டையும் மாட்டையும் தடுப்பதோடு நூறு வகை உயிர்களுக்கு இல்லமாகும்.

2. ஏரிக்கரையையும் வரப்போரங்களையும் சுத்தம் செய்யும்போது, எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி எரித்தல் கூடாது. ஒரு பகுதியை இவ்வாண்டும் மறு பகுதியை அடுத்த ஆண்டும் வெட்டினால், கூண்டுப்புழுக்கள் தப்பும்.

3. ஈசுரமூலிக் கொடி கண்ட இடத்தில் அதனைப் பிடுங்காது, ஒரு புதர்மீது படரவிட வேண்டும். அழகிற்காக விற்கப்படும் அந்நிய ஈசுரமூலி வகைகளை நடலாகாது. குவீன்ஸ்லாந்தில் நேர்ந்தது இங்கும் நேரலாம்.

4. செடியில் புழுவைக் கண்டவுடன் கொல்லாது, அது எச்செடியில் இருக்கின்றதென்று முதலில் நோக்க வேண்டும். எருக்கிலும் ஈசுரமூலியிலும் புல்லுருவியிலும் இருக்கும் புழு, பயிரைத் தொடுவதில்லை.

5. பூச்சிகளை வேற்றிடத்தினின்று பிடித்து வந்து விடுதல் கூடவே கூடாது. மலைப்பூச்சி இங்கே மடியும். மலையிலும் ஒன்று குறையும்.

6. பள்ளிகளில் மாணவர் ஓராண்டு முழுவதும், எம்மாதத்தில் எப்பூச்சி எச்செடியில் காணப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். பல ஆண்டுகளுக்குப்பின் அக்குறிப்பு விவசாயிக்கும் விஞ்ஞானிக்கும் ஒருங்கே பயன்படும்.

தமிழ் மறவன் மாநிலத்தின் சின்னமாயிருப்பது, அதனை ஒவ்வொரு கொல்லையிலும் குடியேற்றுவதற்காக அன்று. ஒவ்வோர் உயிரும் தன் செடியோடும் தன் மழையோடும் பிணைந்து கிடக்கின்றது என்பதை நினைவூட்டுவதற்காகவே அது அமைந்ததாகக் கொள்ளலாம். நீரடிமுத்தைக் காக்கும் கடமை மலைநாட்டாருடையது. எருக்கையும் ஆவாரையையும் ஈசுரமூலியையும் காக்கும் கடமை தாம்பரத்தாருடையது. வரும் ஐப்பசி மழைக்குப்பின் வேலியோரத்தில் ஈசுரமூலி தளிர்க்கும்போது, அதன் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர், கருஞ்சிவப்பு நிறப் புழு ஒன்றை அங்கே காணக்கூடும். அதனை அவ்விடத்திலேயே விட்டுவிட்டால், சில வாரங்களில் குங்குமச் சிவப்புடல் கொண்ட பூச்சியைத் தம் தோட்டத்துப் பூக்களின்மேற் காண்பர்.